புதையுண்ட மணலில் எஞ்சும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிப்பதற்கான சட்டம் 2025இல் நம் மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது முதல், அது குறித்த செய்திகளும் கருத்துகளும் தமிழில் வரத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவற்றைப் படிப்பவர்களோடு பேசும்போது, அவர்களில் பலர் மனத்தில் வரைந்துகொள்ளும் படம் உண்மைக்கு மாறானது என்று தெரிகிறது. கடலுக்கு அடியில் எண்ணெய் ஏரி ஒன்று இருந்ததாகவும், அதை உறிஞ்சி எடுத்த பின் அங்கே ஒரு பெருங்குகை வெறுமையாக நிற்பதாகவும், அதற்குள் வாயுவை நிரப்பி வாயை அடைத்துவிடலாம் என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். இத்திட்டத்தை வரவேற்பவரும் எதிர்ப்பவரும் அதே குகையை வைத்துத்தான் வாதிடுகிறார்கள். ஒருவர் இடம் தாராளமாக இருக்கிறது என்கிறார். மற்றவர் குகை இடிந்து விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

அங்கே குகை எதுவும் இல்லை. இருப்பது பாறை. திரெங்கானு கடற்பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கும் அடுக்குகள் பெரும்பாலும் மணற்பாறைகள். சரவாக் கடலில் பழைய பவளத் திட்டுகளால் ஆன சுண்ணாம்புப் பாறைகளும் முக்கியமானவையே. ஆனால் அவற்றின் கதை வேறு என்பதால் இக்கடிதத்தில் அவற்றைத் தொடவில்லை. மணற்பாறையில் நீரானாலும் எண்ணெயானாலும் வாயுவானாலும் அது தங்கியிருப்பது மணல் துகள்களுக்கு நடுவே உள்ள சின்னஞ்சிறு இடைவெளிகளில்தான். அந்த இடைவெளி இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை, அந்த மணல் புதையத் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை அதற்கு நேர்ந்தவை எல்லாம் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. என் பணிக்காலத்தைப் பாறை மாதிரிகளை அறுப்பதிலும் தேய்ப்பதிலும் நுண்ணோக்கியில் பார்ப்பதிலும் செலவிட்டவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மணல் முதலில் படியும் நிலையிலிருந்து தொடங்குகிறேன். ஆற்று முகத்திலோ கடற்கரையிலோ புதிதாகப் படிந்த மணலின் மொத்தக் கன அளவில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு வெற்றிடம். அதை நீர் நிரப்பியிருக்கும். இந்தப் பங்கைத்தான் நிலவியலார் நுண்துளைமை என்கிறார்கள். 1973இல் பியர்டு, வெயில் என்ற இரு ஆய்வாளர்கள் மணலைச் சலித்து, வெவ்வேறு அளவுத் துகள்களைத் திட்டமிட்டுக் கலந்து, ஈரமாகப் படிய வைத்து அளந்தார்கள். துகள்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்த கலவையில் நுண்துளைமை 42 விழுக்காடாகவும், பெரியதும் சிறியதும் மிகவும் கலந்திருந்ததில் 28 விழுக்காடாகவும் இருந்தது. பெரிய துகள்களுக்கு நடுவே உள்ள இடத்தைச் சிறிய துகள்கள் வந்து அடைத்துக்கொள்வதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பலருக்கு வியப்பளிக்கும் செய்தி, மணல் பருமனானதா நுண்ணியதா என்பது வெற்றிடத்தின் மொத்தப் பங்கைப் பெரிதாக மாற்றுவதில்லை என்பதாகும். ஒரே அளவுள்ள உருண்டைகளை மிகத் தளர்வான ஒழுங்கில் அடுக்கினால் 47.6 விழுக்காடும், மிக நெருக்கமாக அடுக்கினால் 26 விழுக்காடும் வெற்றிடம் இருக்கும்; உருண்டை கடுகளவா பந்தளவா என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

துகளின் அளவு பெரிதும் ஆளுவது வேறொன்றை: அந்த வெற்றிடத்தின் வழியே நீர் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை. பிரான்சின் தீஜோன் நகரில் நீர் வழங்கும் பணியில் ஈடுபட்டிருந்த பொறியாளர் ஆன்றி தார்சி, மணல் வழியே நீர் கடக்கும் விதியை 1856இல் வெளியிட்டார். நீரை இவ்வாறு கடக்க விடும் தன்மையான ஊடுருவுதிறனை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டு மணல்களின் நுண்துளைமை சமமாகவே இருந்தாலும், ஒன்றின் துகள் விட்டம் மற்றதைப் போல இரு மடங்கு என்றால் அதன் ஊடுருவுதிறன் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆக, ஒரு பாறை எவ்வளவு கொள்ளும் என்பதும் எவ்வளவு விரைவாகக் கொடுக்கும், வாங்கும் என்பதும் தொடக்கத்திலிருந்தே தனித்தனிக் கேள்விகள். புதைவு இவ்விரண்டையும் ஒரே வேகத்தில் குறைப்பதில்லை என்பதுதான் பின்னால் வரும் சிக்கல்களுக்கெல்லாம் வேர்.

மணலின் மேல் அடுத்தடுத்து வண்டலும் களிமண்ணும் படியப் படியப் பளு ஏறுகிறது. துகள்கள் நழுவி, திரும்பி, நெருங்கி அமர்கின்றன. குவார்ட்ஸ் எனும் கடினமான கனிமத்தின் துகள் வளையாது. இடம் மாறும், மிஞ்சிப் போனால் விரிசல் விடும். மைக்கா எனும் அப்பிரகத் தகடு தன்னை நெருக்கும் இரு துகள்களுக்கு இடையில் வளைந்து மடிகிறது. களிப்பாறைத் துணுக்குகளோ நசுங்கி, அக்கம்பக்கத்து இடைவெளிக்குள் பிதுங்கி, சில வேளைகளில் தாம் ஒரு காலத்தில் தனித் துகளாக இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடுகின்றன. குவார்ட்ஸ் மிகுந்த தூய மணலில் இந்த நெருக்கம் ஏறத்தாழ இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. துகள்களுக்கு இடைப்பட்ட வெளி 26 விழுக்காட்டை ஒட்டிய அளவில் நிலைகொள்கிறது. மென்மையான துணுக்குகள் நிறைந்த மணலில் அப்படி ஒரு நிறுத்தமில்லை. துகள்களை ஒட்டவைக்கும் இயற்கையான கனிமப் படிவாகிய சிமெண்டு எதுவும் படியாமலேயே, வெறும் நசுக்கத்தால், அது துளையற்ற பாறையாகிவிடக்கூடும். ஒரே கிணற்றில், ஒரே ஆழத்தில், சில மீட்டர் இடைவெளியில் ஒரு மணல் அடுக்கு நல்ல கொள்கலனாகவும் அடுத்தது பயனற்றதாகவும் இருப்பதற்கு இதுவே பல நேரங்களில் காரணம்.

துகள்களை நெருக்குவது மேலே உள்ள பாறையின் முழு எடையன்று. அந்த எடையிலிருந்து துளைகளுக்குள் உள்ள நீரின் அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சும் பகுதிதான். சுற்றிலும் களிப்பாறை சூழ்ந்து, நீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிட்டால், அந்த நீரே மேற்பளுவின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. மணல் தன் ஆழத்துக்குரிய நெருக்கத்தை அடையாமல் தப்புகிறது. அத்தகைய அடுக்கைத் துளைக்கும் கிணறு ஆபத்தானது என்பதைத் துளையிடும் பணியாளர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் பாறையின் பார்வையில், அதே அழுத்தம் அதன் துளைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு.

இதுவரை சொன்னது பளுவின் வேலை. இதற்குப் பிறகு வெப்பத்தின் வேலை தொடங்குகிறது. என் அனுபவத்தில் பொறியியல் படித்தவர்கள்கூடக் குறைத்து மதிப்பிடுவது இந்தக் கட்டத்தைத்தான். ஏறக்குறைய 70, 80 பாகை செல்சியசைத் தாண்டியதும், துளைகளில் உள்ள நீரில் கரைந்திருக்கும், குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்கா, குவார்ட்ஸ் துகள்களின் மேற்பரப்பில் படியத் தொடங்குகிறது. நூலில் கற்கண்டு கட்டுவதைப் போல, பழைய துகளின் படிக ஒழுங்கை அப்படியே தொடர்ந்து புதிய குவார்ட்ஸ் வளர்கிறது. அந்தச் சிலிக்கா பெரும்பாலும் தொலைவிலிருந்து வருவதில்லை. அதே மணற்பாறைக்குள், குவார்ட்ஸ் துகளும் மைக்காவோ களிக்கனிமமோ ஒன்றையொன்று தொடும் இடங்களில் குவார்ட்ஸ் கரைந்து, சில சென்டிமீட்டர் தள்ளி வேறு துகளின் மேல் படிகிறது. பாறைகள் தொடுமிடத்தில் கரைவதை இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863இலேயே எழுதியிருக்கிறார். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் ஆராயும் முறையை நிலவியலுக்குள் கொண்டுவந்தவரும் அவரே.

இந்தப் படிவு வெப்பத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. வெப்பம் ஏற ஏற அதன் வேகம் பன்மடங்காகிறது. அதைவிட முக்கியமானது, புதைவது நின்றாலும் இது நிற்காது என்பதாகும். ஒரு மணல் அடுக்கு 120 பாகை வெப்பத்தில் ஆழம் மாறாமல் சில கோடி ஆண்டுகள் கிடந்தால், அந்தக் காலம் முழுவதும் அதன் துளைகள் மெல்ல மெல்ல அடைபட்டுக்கொண்டே இருக்கும். பளு கூடினால்தான் துளை குறையும் என்று நினைப்பவருக்கு இது புரிவதில்லை. இங்கே நம் கடலுக்குரிய ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் வடகடலின் அடித்தரை குளிர்ந்தது. அங்கே ஏறத்தாழ 5 பாகையில் தொடங்கி, கிலோமீட்டருக்கு 30 பாகை என்று வெப்பம் உயர்ந்தால், 80 பாகையை எட்ட இரண்டரைக் கிலோமீட்டர் புதைய வேண்டும். தீபகற்பத்தின் கிழக்கே உள்ள மலாய்ப் படுகையிலோ ஆழமற்ற கடலின் அடித்தரையே வெதுவெதுப்பானது. கீழே செல்லச் செல்ல வெப்பம் கிலோமீட்டருக்கு 40 முதல் 50 பாகை வரை உயர்கிறது. 25 பாகையில் தொடங்கி 45 வீதம் கணக்கிட்டால், ஒன்றே கால் கிலோமீட்டர் ஆழத்திலேயே அதே 80 பாகை வந்துவிடுகிறது. அங்குள்ள மணல் அடுக்குகள் பெரும்பாலும் மயோசீன் காலத்தவை, வயதில் இளையவை என்பதால், வெப்பம் வேலை செய்யக் கிடைத்த காலம் குறைவு. வெப்பமும் காலமும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இந்தக் கணக்கை, ஆழத்தோடு நுண்துளைமை குறைவதைக் காட்டக் குளிர்ந்த கடல்களில் வரைந்த வளைகோடுகளைக் கொண்டுவந்து நம் படுகையின் மேல் வைப்பதால் தீர்த்துவிட முடியாது.

ஆழம் கூடக் கூட நுண்துளைமை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் குறையும் என்று ஏத்தி என்பவர் 1930இல் களிப்பாறைகளுக்கு ஒரு சமன்பாடு தந்தார். பின்னாளில் மணற்பாறைகளுக்கும் அத்தகைய வளைகோடுகள் வரையப்பட்டன. படுகை முழுவதையும் பற்றிய பரந்த மதிப்பீட்டுக்கு அவை பயன்படுகின்றன. ஆனால் குறிப்பிட்ட ஓர் அடுக்கில் வாயுவைச் செலுத்தப் போகும்போது, அந்த வளைகோட்டிலிருந்து எடுத்த எண்ணை மட்டும் நம்பி இத்தனை கோடி டன் கொள்ளும் என்று அறிவிப்பதை என்னால் ஏற்க முடியாது. வளைகோடு சராசரியைத்தான் சொல்லும். ஒரே ஆழத்தில் 5 விழுக்காடும் 25 விழுக்காடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடிய பொருள் மணற்பாறை.

அவ்வாறு தப்பிப் பிழைப்பவற்றில் என்னை எப்போதும் ஈர்த்தது, துகள்களின் மேல் குளோரைட்டு எனும் பச்சைக் களிக்கனிமம் மெல்லிய உறையாகப் படிந்திருக்கும் மணற்பாறை. இரும்புச் சத்தைச் சுமந்து வரும் ஆறு கடலில் கலக்கும் இடங்களை ஒட்டிப் படிந்த மணல்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. உறை சில மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆனால் அது துகளின் மேற்பரப்பை மூடிவிடுவதால், புதிய குவார்ட்ஸ் பற்றி வளரத் தேவையான இடமே கிடைப்பதில்லை. நீரில் சிலிக்கா இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, காலமும் கழிகிறது. ஆனாலும் துளை திறந்தே கிடக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டஸ்கலூசா மணற்பாறை 6 கிலோமீட்டருக்கும் கீழே 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நுண்துளைமையோடு இருப்பதற்கும், நார்வேக் கடலின் சில ஆழ்ந்த எண்ணெய் வயல்கள் பயன்தருவதற்கும் இந்த உறைதான் காரணம். அதே ஆழத்தில், உறை கிழிந்தோ விட்டுப்போயோ இருக்கும் துகள்களில் குவார்ட்ஸ் வளர்ந்து துளையை அடைத்திருப்பதை ஒரே சீவலில் அருகருகே பார்க்கலாம். எண்ணெய் வந்து நிறைந்ததால்தான் சில மணல்களில் படிவு நின்றது என்ற கருத்தும் உண்டு. அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. உறைகளின் பங்கைப் பற்றி அத்தகைய ஐயம் எனக்கில்லை.

துளைகள் எல்லா நேரமும் குறைந்துகொண்டே போவதுமில்லை. மணலில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் எனும் கனிமத்தின் துகள்கள் நீரில் கரைந்து, தாம் இருந்த வடிவத்திலேயே வெற்றிடத்தை விட்டுச் செல்வதுண்டு. 1970களின் இறுதியில் இந்த இரண்டாம் நிலைத் துளைகளைப் பற்றிப் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆழத்தில் இழந்த இடமெல்லாம் கரைவதன் மூலம் திரும்பக் கிடைக்கும் என்று சிலர் நம்பினார்கள். ஆனால் கரைந்த ஃபெல்ட்ஸ்பாரின் அலுமினியம் வெகுதொலைவு போவதில்லை. பக்கத்துத் துளையிலேயே கேயோலினைட்டு, இல்லைட்டு எனும் களிக்கனிமங்களாகப் படிந்துவிடுகிறது. ஆதலால் மொத்த இடம் சிறிதளவே கூடுகிறது, அல்லது கூடுவதே இல்லை. இதில் மிகவும் தொல்லை தருவது இல்லைட்டு. அது துளைகளுக்குக் குறுக்கே மயிரிழைகளாக வளரும். அந்த இழைகளின் கன அளவு மிகச் சொற்பம். நுண்துளைமை எண்ணில் அது தெரியவே தெரியாது. ஆனால் நீர் செல்லும் வழி அடைபட்டு, ஊடுருவுதிறன் பத்தில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ சரிந்துவிடும். ஆய்வகத்தில் இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு: மாதிரியைச் சாதாரணமாகக் காற்றில் உலர்த்தினால் இந்த இழைகள் படிந்து துளைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், பின் அளக்கும் ஊடுருவுதிறன் நிலத்தடியில் உள்ளதைவிட மிக உயர்வாகத் தெரியும். இதைத் தவிர்க்கத் தனி உலர்த்தும் முறை இருக்கிறது, நேரமும் செலவும் கூடுதலாகும். அந்தச் செலவைச் சேமிக்க நினைக்கும் எவரும், பின்னர் தம் கையில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் எப்படி அறிகிறோம் என்று வாசகர் கேட்கலாம். நீலச் சாயம் கலந்த பிசினைப் பாறைத் துண்டின் துளைகளுக்குள் செலுத்தி இறுக வைத்து, அதை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துப் பார்த்தால், துளை இருந்த இடமெல்லாம் நீலமாகத் தெரியும். அதன் மேல் சீரான இடைவெளியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் இருப்பது துகளா, சிமெண்டா, துளையா என்று ஒன்றொன்றாக எண்ணுகிறோம். வளர்ந்த குவார்ட்சும் பழைய துகளும் ஒரே கனிமம் ஆகையால் சாதாரண ஒளியில் எல்லைக்கோடு பல நேரங்களில் தெரியாது. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அவை வெளிவிடும் ஒளியின் வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறிகிறோம். 1968இல் சிப்பல் என்பவர் இம்முறையை மணற்பாறைகளில் கையாண்டபோது, துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்திக் கரைந்தவை என்று எண்ணப்பட்ட பல இடங்கள் உண்மையில் வளர்ந்த சிமெண்டே என்பது வெளிப்பட்டது. வளரும் குவார்ட்சுக்குள் சிக்கிக்கொண்ட நீர்க்குமிழிகள் அது வளர்ந்தபோது நிலவிய வெப்பத்தைச் சொல்லிவிடுகின்றன. இவ்வாறு பளுவால் இழந்தது எவ்வளவு, சிமெண்டால் இழந்தது எவ்வளவு என்று தனித்தனியே பிரித்து எழுத முடிகிறது. நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் நாட்டிலேயே இந்தப் பயணத்தின் இரண்டு முனைகளையும் பார்க்கலாம். மீரியில், 1910இல் சரவாக்கின் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட கனடா குன்றைச் சுற்றி, மயோசீன் கால மணற்பாறைகள் சாலையோர வெட்டுகளில் தெரிகின்றன. அவற்றில் பல இன்னும் சரியாக இறுகாதவை. விரலால் தேய்த்தால் மணல் உதிரும். மறுமுனை நம் காலடியில். கோலாலம்பூரின் பெரும்பகுதி கென்னி ஹில் பாறைத்தொகுதியின் மேல் நிற்கிறது. இன்று புக்கிட் துங்கு என்று வழங்கும் குன்றின் பழைய பெயர்தான் அதற்கு இடப்பட்டது. பத்துமலையின் சுண்ணாம்புக்கல்லைவிட வயதில் இளையதாயினும், இத்தொகுதியின் மணலும் களியும் மயோசீனுக்கு மிகவும் முந்தைய கார்போனிஃபெரஸ், பெர்மியன் காலங்களில் படிந்து, மிக ஆழமாகப் புதைந்து, நெருக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, இப்போது மணல் குவார்ட்சைட்டு எனும் இறுகிய பாறையாகவும், களி ஃபில்லைட்டு எனும் தகட்டுப் பாறையாகவும் ஆகியிருக்கின்றன. புதிதாக உடைந்த குவார்ட்சைட்டில் துகளும் சிமெண்டும் ஒன்றாகிவிட்டதால், முறிவு துகள்களைச் சுற்றிப் போகாமல் அவற்றின் ஊடாகவே செல்கிறது; முதலில் இருந்த நாற்பது விழுக்காட்டில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. வீட்டுமனைக்காக வெட்டிய சரிவுகளில் நாம் காணும் சிவப்பும் மஞ்சளுமான மென்மண், அந்த இறுகிய பாறையை மழையும் வெப்பமும் மேலிருந்து சிதைத்ததால் வந்தது; அதில் உள்ள துளைகள் அண்மைக் காலத்தவை, பழைய கடல்மணலின் துளைகள் அல்ல. எம்.ஆர்.டி. நகர ரயிலின் சுரங்கப்பாதைக்காகத் துளையிட்டபோது இத்தொகுதிக்கு ஒரு வகை இயந்திரமும், குகைகள் மலிந்த சுண்ணாம்புக்கல்லுக்கு வேறொரு வகை இயந்திரமும் தேவைப்பட்டன. தலைநகரில் உண்மையான குகைகள் இருப்பது அந்தச் சுண்ணாம்புக்கல்லில்தான். வாசகர்கள் மனத்தில் உள்ள பாதாளக் குகையின் படம் பத்துமலையிலிருந்து வந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் மணற்பாறைக்கு அது பொருந்தாது.

தமிழ்நாட்டுக்குச் செல்லும் நம்மவர்கள் காஞ்சி கைலாசநாதர் கோவிலில் ஒரு கணம் கல்லைக் கவனிக்கலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோவிலின் அடித்தளம் கருங்கல். மேலே உள்ளது மணற்கல். அடித்தளம் உறுதியாக நிற்க, மணற்கல் சிற்பங்கள் பல தேய்ந்து உருவிழந்து, பிற்காலத்தில் சுதை பூசப்பட்டிருக்கின்றன. துகள்களுக்கு நடுவே நீர் புக இடம் இருக்கும் கல், அந்த நீருக்கும் அது கொண்டுவரும் உப்புக்கும் விலை கொடுத்தே தீர வேண்டும்.

கரியமில வாயுவுக்குத் திரும்புகிறேன். அந்த வாயு 31 பாகை வெப்பத்தையும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்தையும் கடந்தால், திரவத்தை நெருங்கும் அடர்த்தி கொண்ட நிலையை அடைகிறது. சேமிப்புக்கு 800 மீட்டருக்குக் கீழே போக வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அந்த ஆழத்துக்கு மேலே இடம் வீணாகும். மிகவும் கீழே போனாலோ இதுவரை சொன்ன பளுவும் வெப்பமும் இடத்தைப் பறித்திருக்கும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் டன் வாயு உட்சிரா என்ற மணல் அடுக்கில் செலுத்தப்பட்டது. கடலடித் தரைக்கு ஏறக்குறைய 800 முதல் 1,000 மீட்டர் கீழே உள்ள அந்த மணல் ஒருபோதும் ஆழமாகப் புதையவில்லை. இன்னும் இறுகாமல், 35 முதல் 40 விழுக்காடு நுண்துளைமையோடு இருக்கிறது. வாயு எளிதாகப் பரவியது. அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. அதே நார்வே 2008இல் பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் எரிவாயு வயலில், ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்தில், டூபோயன் மணற்பாறைக்குள் வாயுவைச் செலுத்தத் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட விரைவாக அழுத்தம் ஏறியதால் 2011இல் அந்த அடுக்கைக் கைவிட்டு, மேலே உள்ள ஸ்டோ என்ற அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. பழைய ஆற்றுக் கால்வாய்களில் படிந்த மணல் ஆகையால், அடுக்கு பக்கவாட்டில் தொடராமல் துண்டு துண்டாக இருந்தது இதற்கு முக்கியக் காரணம். பழியை முழுவதும் சிமெண்டின் மேல் போடுவது சரியாகாது. ஆயினும் அப்பகுதிப் பாறைகள் இன்றைய ஆழத்தைவிட ஆழமாகப் புதைந்து, பின் மேலெழுந்தவை. மேலே உள்ள பளு அரித்துச் செல்லப்பட்டாலும் நெருங்கிய துகள்கள் விலகுவதில்லை. படிந்த குவார்ட்சும் கரைந்து போவதில்லை. அளவுக்கோலில் தெரியும் ஆழம் அந்தப் பாறை பட்ட ஆழமன்று.

நம் நாட்டில் இனி வரவிருக்கும் திட்டங்களுக்கும் இதே அளவுகோலை வைத்துக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு வயலில் இவ்வளவு எண்ணெய் எடுத்தோம், ஆகவே இவ்வளவு வாயு கொள்ளும் என்று அறிவிப்பு வரும்போது, அந்த மணல் எவ்வளவு வெப்பத்தை எத்தனை காலம் கண்டது, அதன் துளைகளில் எந்தக் கனிமம் வளர்ந்திருக்கிறது, ஊடுருவுதிறனை எந்த முறையில் உலர்த்தி அளந்தார்கள், எண்ணெய் எடுத்தபோது அழுத்தம் குறைந்ததால் மணல் மேலும் நெருங்கிவிட்டதா என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது. எண்ணெய் வெளியேறும்போது துளை அழுத்தம் இறங்கி, துகள்கள் தாங்கும் பளு கூடுகிறது. இறுகாத மணலில் அந்த நெருக்கம் மறுபடி வாயு செலுத்தினாலும் முழுமையாக மீள்வதில்லை.

இக்கேள்விகளுக்கு விடை இருப்பது கோர் எனப்படும் பாறை உருளைகளில். கிணறு தோண்டும்போது பெரும் பொருட்செலவில் வெட்டி எடுத்து மேலே கொண்டுவரும் அந்த உருளைகளுக்கும், அவற்றிலிருந்து தேய்த்த சீவல்களுக்கும் மாற்று எதுவும் இல்லை. வயல் வற்றியதும் கிணற்றை மூடிவிடுகிறார்கள். பிறகு அதே இடத்திலிருந்து மறுபடி ஒரு துண்டு எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகையால் மூடப்படும் ஒவ்வொரு வயலின் உருளைகளும், பெட்டி எண்ணும் ஆழக்குறியும் அழியாமல், ஈரமும் பூஞ்சையும் அண்டாத கிடங்கில் காக்கப்பட வேண்டும் என்றும், சேமிப்புக்கு உரிமம் கோருவோர் அந்த அடுக்கின் சீவல்களைப் பல்கலைக்கழக மாணவர்கள் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்றும் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் சேர்க்கப்படுவதை நான் மனமார விரும்புகிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் கற்கும் இளைஞர்கள், வெளிநாட்டுச் சீவல்களின் அச்சுப்படங்களைப் பார்த்துக் கற்பதைவிட, மலாய்ப் படுகையின் மணலைத் தம் கண்ணால் பார்த்துப் புள்ளி எண்ணிக் கற்பது மேல். அவர்களில் நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து சென்றவர்களும் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குண்டு.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த முறை இப்பொருள் பற்றிய செய்தியோடு விளக்கப்படம் வெளியிடும்போது, கடலடியில் கறுப்புக் குழி ஒன்றை வரையாமல், நீலப் பிசின் ஏற்றிய மணற்பாறைச் சீவல் ஒன்றின் நுண்ணோக்கிப் படத்தை, பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கோட்டோடு அச்சிடுங்கள். துகள்களின் எல்லையையும் வளர்ந்த குவார்ட்சையும் துளையையும் அம்புக்குறியிட்டுக் காட்டித் தமிழில் விளக்கவுரை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாறை ஆய்வக அலுவலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.